பல்கலைக்கழகம் இருக்கிற ஊரில் துப்புரவுக் குடியிருப்புப் பிள்ளைகள் ஏன் பிளஸ் டூவோடு நின்றுவிடுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "நான் காரைக்குடிக்காரன், இப்போது அமெரிக்காவில் டெட்ராய்ட் பக்கம் வேலை பார்க்கிறேன். இங்கே கறுப்பின மக்கள் வாழும் பகுதிகளின் வறுமையையும் பள்ளிகளையும் பார்க்கும்போது நம்ம ஊர்த் துப்புரவுப் பணியாளர் குடியிருப்புகள் ஞாபகம் வருகின்றன. அழகப்பா பல்கலைக்கழக வளாகமும் சிக்ரி ஆய்வு நிறுவனமும் இருக்கிற ஊரில் அந்தப் பிள்ளைகள் ஏன் இன்னும் மேலே வரவில்லை? இரண்டும் ஒரே கதைதானா? நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு பள்ளிக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். சரியாக இருக்குமா?"

ஸ்மார்ட் போர்டு வேண்டாம். காரணம் சொல்லக் கொஞ்சம் நீளமாகும், பொறுமையாகப் படியுங்கள்.

நான் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகளில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது சாயங்காலங்களில் ஒரு துப்புரவுப் பணியாளர் குடியிருப்பில் பத்தாவது, பிளஸ் டூ பிள்ளைகளோடு உட்காருகிறேன். பாடம் சொல்லித் தருவது பாதி, விண்ணப்பம் எழுதித் தருவது பாதி. சில மாதங்களில் விண்ணப்பம்தான் முழுசும்.

உங்கள் ஒப்பீட்டை முதலில் எடுத்துக்கொள்வோம். 1930களில் அமெரிக்கக் கூட்டரசின் வீட்டுக் கடன் அமைப்பு ஒன்று நகரம் நகரமாக வரைபடம் தயாரித்தது. கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைப் பெரும்பாலும் சிவப்பில் தீட்டி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்தது. கடன் கிடைக்காத இடத்தில் வீட்டு விலை ஏறாது. அங்கே பள்ளிச் செலவில் பெரிய பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருவதால், வீட்டு விலை ஏறாத இடத்துப் பள்ளியும் ஏழைப் பள்ளியாகவே இருந்தது. இன அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது செல்லாது என்று 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் 1973இல், டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரத்து மெக்சிகோ வம்சாவளிப் பெற்றோர் தொடுத்த வழக்கில், சொத்து வரியால் பள்ளிகளுக்குள் வரும் ஏற்றத்தாழ்வு அரசியல் சட்டத்துக்கு முரணில்லை என்று அதே நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த வருடமே உங்கள் டெட்ராய்ட் வழக்கு. நகரத்துப் பள்ளிகளையும் சுற்றியிருந்த புறநகர்ப் பள்ளிகளையும் சேர்த்து, கறுப்பின, வெள்ளையினப் பிள்ளைகளை ஒன்றாகப் படிக்க வைக்கும் திட்டம் அது. புறநகர்கள் தப்பு செய்ததாக நிரூபிக்காமல் எல்லை தாண்டி அவர்களை இழுக்க முடியாது என்று தள்ளிவிட்டார்கள். அதுவும் ஐந்துக்கு நான்குதான்.

ஆக, அங்கே ஒரு பிள்ளையின் விலாசம் அதன் பள்ளிக்கு எவ்வளவு பணம் என்பதை முடிவு செய்கிறது. நம்மிடமும் விலாசம் முடிவு செய்கிறது, ஆனால் வேறு விதமாக. தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் சென்னை அடையாறில் இருந்தாலும் நம்ம செக்காலையில் இருந்தாலும் ஒரே அட்டவணைதான், மாநிலக் கஜானாவிலிருந்து வருவது. சொத்து வரி ரசீதில் கல்வி வரி என்று ஒரு வரி இருக்கும்தான், அதை நம்பி எந்த வாத்தியார் வீட்டிலும் உலை வைப்பதில்லை. புத்தகம், சீருடை, செருப்பு, பை எல்லாம் அரசு தருகிறது. பிளஸ் ஒன் வந்தால் சைக்கிள். மதிய உணவு காமராசர் காலத்தில் 1956இல் தொடங்கி, 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கியது, 2022 செப்டம்பரிலிருந்து தொடக்கப் பள்ளியில் காலை உணவும் வந்துவிட்டது. பள்ளி ஏழையாக இருப்பதால்தான் பிள்ளை படிக்கவில்லை என்று டெட்ராய்ட்டில் சொல்வதை அப்படியே காரைக்குடியில் சொல்ல முடியாது. இங்கே பள்ளி ஓரளவு தன் வேலையைச் செய்கிறது. பிள்ளையைப் பிடித்து இழுப்பது பள்ளிக்கு வெளியே இருக்கிறது. போர்டு வேண்டாம் என்று நான் சொன்னதும் அதனால்தான்.

இன்னொரு வித்தியாசம், இங்கே தோலைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் விசாரித்துக் கண்டுபிடிப்பார்கள். "எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? வீட்டுல என்ன பேசுவீங்க?" மூன்று கேள்வி போதும். மூன்றாவது கேள்வி ஏன் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

பழைய கதை கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில்தான் இன்றைய சிவகங்கை மாவட்டமும் இருந்தது. அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு எட்டுத் தடைகள் விதித்தார்கள். தங்க நகை கூடாது, சட்டை கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று அது போகும். மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 ஜூனில் அது பதினொரு தடைகளாகத் திருத்தி அறிவிக்கப்பட்டது. அதில் ஒன்று, அவர்களுடைய பிள்ளைகள் எழுதப் படிக்கக் கற்கக் கூடாது. அடுத்தது, அந்தப் பிள்ளைகள் மிராசுதார்களின் மாடுகளை மட்டும் மேய்க்க வேண்டும். இதைப் பதிவு செய்தவர் அந்த வருட மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் என்ற வெள்ளைக்காரர். படிக்காதே என்று எழுதி வைத்துத் தடுத்த ஊர்ப்பக்கம் இது. ஏதோ மனுநீதி காலத்துச் சங்கதியும் இல்லை, அப்போது பிறந்த குழந்தையின் கொள்ளுப்பேரன் இன்றைக்கு ஒன்பதாம் வகுப்பில் இருப்பான். தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்டதேவித் தேரின் வடத்தை யார் பிடிப்பது என்ற தகராறில் பல வருடம் தேரே ஓடாமல் நின்று, 2024இல்தான் மறுபடி ஓடியது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

ஆனால் டவுன் குடியிருப்புகளின் கதை இந்தக் கிராமத்துக் கதையிலிருந்து சற்று விலகியது. காரைக்குடி 1928இல் நகராட்சியானது. நகராட்சி என்றால் எடுப்புக் கக்கூஸின் மல வாளியைச் சுமக்க ஆள் வேண்டும். தமிழ்நாட்டின் பல நகராட்சிகளைப் போலவே இந்த வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டில் தெலுங்கு பேசும் அருந்ததியர் குடும்பங்கள். நம்ம ஊர்ப் பெரிய வீடுகளின் அமைப்பு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முகப்பு ஒரு தெருவில் என்றால் பின்கட்டு வாசல் அடுத்த தெருவில் முடியும். சுற்றுலாக்காரர்கள் ஆத்தங்குடிக் கல்லையும் பர்மாத் தேக்குத் தூணையும் படம் எடுக்கிறார்கள். இந்தக் குடும்பங்களின் தாத்தா பாட்டிமார் பார்த்தது பின்வாசல் மட்டும்.

வள்ளல்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அழகப்பச் செட்டியார் 1947இல் கல்லூரி தொடங்கினார். மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்துக்கு, அதாவது நாம் சிக்ரி என்கிறோமே அதற்கு, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948இல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார், 1953இல் திறந்தார்கள். மழலைப் பள்ளியிலிருந்து பொறியியல் வரை ஒரே வளாகத்தில் கிடைக்கச் செய்த மனிதர் 1957இல், ஐம்பது வயதுகூட ஆகாமல் போய்ச் சேர்ந்தார். அந்த வளாகத்தால் இந்தச் சீமையில் எத்தனையோ விவசாயி, நெசவாளி வீடுகள் எழுந்து நின்றன, என் வீடு உட்பட. கல்லூரிக் கதவு யாருக்கும் சாத்தியிருக்கவில்லை. கதவு வரைக்கும் ஒரு பிள்ளை வந்து சேர வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

சரி, ஏன் வந்து சேரவில்லை?

குடியிருப்பில் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா நிரந்தரப் பணியாளர். வீடு நகராட்சி கட்டிக் கொடுத்த லைன் வீடு, ஒரு அறை, ஒரு அடுப்படி. அந்த வீடு அவர்களுடையது இல்லை, வேலைக்கு ஒட்டிய வீடு. அப்பா வேலையில் இருக்கும்வரை இருக்கலாம். சாக்கடையும் குப்பையுமாகக் கழிந்த உடம்பு, சாராயம் இல்லாமல் அந்த நாற்றத்தில் இறங்க முடியாது என்று பெரியவர்களே சொல்வார்கள். அப்பா ஐம்பதுக்குள் போய்விடுகிறார். பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். அம்மாவுக்கு முன்னால் இரண்டே வழி. யாராவது ஒருவர் வாரிசு வேலைக்குப் போனால் வீடு தங்கும். இல்லாவிட்டால் காலி செய்ய வேண்டும். வெளியே வாடகைக்குப் போகலாம் என்றால், இந்தத் தெருவிலிருந்து வருகிறோம் என்று சொன்னதும் வீடு 'போன வாரமே போயிடுச்சு' என்று பதில் வரும். பையன் பதினெட்டு முடியக் காத்திருந்து அப்பாவின் வேலையை வாங்குகிறான். அவன் நன்றாகப் படிக்கிறவனா, கணக்கில் தொண்ணூறு வாங்கினவனா என்பதெல்லாம் அந்தக் கணக்கில் வராது.

இந்த வாரிசு வேலைக்கு, அதாவது கருணை அடிப்படை வேலைக்கு, இறந்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். படிப்புத் தகுதிக்கேற்ற பதவி கேட்க விதியில் இடம் உண்டு. பிளஸ் டூ முடித்தவன் இளநிலை உதவியாளர் பதவி கேட்கலாம். ஆனால் மனுவை யார் எழுதுகிறார்களோ அவர்கள் 'தூய்மைப் பணியாளர்' என்றே எழுதிவிடுகிறார்கள், ஏனென்றால் அப்பா அதுதானே பார்த்தார். இந்தப் பக்கத்து அலுவலகம் ஒன்றில் ஒரு தாயார், பையனுக்கு எழுத்தர் வேலை கேட்டதற்கு, "இருக்கிறதையும் கெடுத்துக்காதம்மா, வரிசையில நின்னா எத்தனை வருஷம் ஆகுமோ" என்று பதில் வந்தது. சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவர் சொன்னது நடைமுறைக்கு உண்மையும்கூட. அந்த உண்மைதான் மூன்று தலைமுறையை ஒரே வேலையில் வைத்திருக்கிறது.

இப்போது அந்த வாரிசு வேலைக்கும் ஆபத்து. 2022இல் வந்த அரசாணைகளால் நகராட்சிகளிலும் மாநகராட்சிகளிலும் துப்புரவுப் பணி பெருமளவு தனியார் ஒப்பந்தத்துக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில் சென்னையில் ரிப்பன் மாளிகை முன்னால் தூய்மைப் பணியாளர்கள் நாள்கணக்கில் உட்கார்ந்தது இதற்காகத்தான். காரைக்குடி 2024இல் மாநகராட்சியாக உயர்ந்ததில் ஊருக்குப் பெருமைதான். ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு வாரிசு வேலையும் கிடையாது, வேலைக்கு ஒட்டிய வீடும் கிடையாது. ஒரு விதத்தில் இந்தத் தளை அறுந்தது நல்லதுதானே என்று என் நண்பர் ஒருவர் வாதாடினார். அறுந்தவன் கையில் வேறு எதுவும் இருந்தால் நல்லது. எட்டாவது ஒன்பதாவது படிக்கும்போதே குப்பை அள்ளும் பேட்டரி வண்டியில் அம்மாவோடு விடியற்காலையில் போய்விட்டு, ஏழரைக்கு ஓடிவந்து குளித்துப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளை இப்போது அதிகம் பார்க்கிறேன். ஒப்பந்தத்தில் ஆள் குறைவு, தெரு அதிகம், அம்மாவால் தனியாக முடிவதில்லை.

இதில் ஊர்க் காலண்டரும் சேர்ந்துகொள்ளும். முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவுக்குப் பால்குடம், காவடி என்று ஊரே திரளும். மறுநாள் தெருவெல்லாம் எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும். பொதுத்தேர்வும் அதே மார்ச்சில்தான். அந்த வாரம் எங்கள் சாயங்கால வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தவர்களும் தூங்கிவிழுவார்கள். நான் எழுப்புவதில்லை.

அடுத்தது சான்றிதழ். இதை வெளியிலிருந்து பார்ப்பவர்கள் சின்ன விஷயம் என்று நினைக்கிறார்கள்.

2009இல் தமிழ்நாடு அருந்ததியருக்குப் பட்டியல் சாதியின் 18 சதவீதத்துக்குள் 3 சதவீத உள் ஒதுக்கீடு கொடுத்தது. இதுபோன்ற உட்பிரிவு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அருந்ததியர், சக்கிலியர், மாதாரி, மாதிகா, பகடை, தோட்டி, ஆதி ஆந்திரர் என்று ஏழு பெயர்கள் அந்தச் சட்டத்தில் இருக்கின்றன. இதில் ஏதாவது ஒன்று சாதிச் சான்றில் இருந்தால்தான் அந்த 3 சதவீதம். பல குடும்பங்களில் தாத்தா காலத்தில் யாரோ ஒரு தலைமை ஆசிரியர் பள்ளிப் பதிவேட்டில் 'ஆதி திராவிடர்' என்று பொதுவாக எழுதிவிட்டார். அப்பாவுக்கு அதே, பிள்ளைக்கும் அதே. மாற்ற வேண்டும் என்றால் ஆதாரம் கேட்பார்கள். ஆதாரமாக அப்பாவின் சான்று கேட்பார்கள். அப்பாவின் சான்றில் இருப்பதுதானே பிரச்சினை!

கிறிஸ்தவக் குடும்பமாக இருந்தால் இன்னொரு சிக்கல். 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி இந்து, பின்னால் சேர்ந்த சீக்கிய, பௌத்த சமயத்தவர்தான் பட்டியல் சாதி. சிலுவை போட்டுக்கொண்டவர் தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். சர்ச்சில் பெயர் ஒன்று, சான்றிதழில் பெயர் வேறொன்று என்று இரண்டு பெயரோடு வாழும் பிள்ளைகள் நம்ம பக்கம் நிறைய. நரிக்குறவர் பிள்ளைகளுக்கு 2023 ஜனவரியில்தான் பழங்குடிப் பட்டியலில் இடம் வந்தது. அந்தச் சான்றைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். காரைக்குடிக்குக் கோட்டாட்சியர் அலுவலகம் தேவகோட்டையில். ஊசிமணி பாசி விற்றுத் திருவிழா திருவிழாவாகப் போகும் குடும்பம் அங்கே எத்தனை நாள் போய்க் காத்திருக்கும்? கல்லூரிச் சேர்க்கை தேதி காத்திருக்காது.

உதவித்தொகையிலும் ஒரு வேடிக்கை. துப்புரவுத் தொழில் செய்வோரின் பிள்ளைகளுக்கு என்றே மத்திய அரசின் பள்ளி உதவித்தொகை ஒன்று உண்டு, வருமான வரம்பே கிடையாது. நல்ல திட்டம். அதற்கு அப்பா இந்த வேலைதான் செய்கிறார் என்று சான்று வைக்க வேண்டும். ஒரு பள்ளியில் அந்தப் பாரத்தை வகுப்பிலேயே பேர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். எட்டாவது படிக்கும் பெண் பிள்ளை. அதுவரை அவளுடைய பெஞ்சுத் தோழிகளுக்கு அப்பா வேலை தெரியாது. அடுத்த வாரத்திலிருந்து அவள் டிபன் பாக்ஸைப் பையிலிருந்து எடுப்பதில்லை. அடுத்த வருடம் விண்ணப்பமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். பணம் வேண்டாம் என்று ஒரு ஏழைப் பிள்ளை ஏன் சொல்கிறது என்று அதிகாரிகள் ஆச்சரியப்படுவார்கள். எனக்கு ஆச்சரியம் இல்லை.

நீதியரசர் சந்துரு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், பள்ளிப் பெயர்களில் இருக்கும் சாதி அடையாளங்களை நீக்கச் சொன்னார், மணிக்கட்டில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடுக்கச் சொன்னார். 2023இல் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டிய பிறகு அரசு அமைத்த குழு அது. 2025இல் 'காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து எடுப்பதாக முதல்வர் அறிவித்தார், அரசு விடுதிகளுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் மாறியது. எல்லாம் நல்லது. போர்டில் பெயர் மாறினாலும், ஆட்டோக்காரர் இன்னும் பழைய பெயர் சொன்னால்தான் வண்டியைத் திருப்புகிறார்.

இப்போது அந்த மூன்றாவது கேள்வி, வீட்டு மொழி. பிள்ளை வீட்டில் தெலுங்கு பேசுகிறது. அதுவும் ஆந்திரத் தெலுங்கு இல்லை, எழுத்தில்லாத வீட்டுத் தெலுங்கு. ஒன்றாம் வகுப்பில் தமிழ் எழுத்து. ஐந்து வயதில் பிள்ளைகள் மொழி பிடித்துக்கொள்ளும், அதில் சந்தேகமில்லை. ஆனால் முதல் இரண்டு வருடம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளையை டீச்சர் 'மந்தம்' என்று ஓரமாக உட்கார வைத்துவிட்டால், அந்த ஓரம் நிரந்தரமாகிவிடுகிறது. எட்டாவது வரை யாரையும் நிறுத்தக் கூடாது என்பதால் வகுப்பு மாறிக்கொண்டே போகும். ஒன்பதாவதில் வந்து என் முன்னால் உட்காரும்போது பின்னத்தைக் கூட்டத் தெரியாது. கொரோனாவில் இரண்டு வருடம் மூடியதும் இந்தப் பிள்ளைகளைத்தான் பலமாக அடித்தது. வீட்டில் ஒரு போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். 2021இல் வந்த இல்லம் தேடிக் கல்வியில் அதே தெருவில் பிளஸ் டூ முடித்த பெண் ஒருத்தி மாலையில் பாடம் எடுத்தாள். தெலுங்கில் விளக்கி, தமிழில் எழுத வைத்தாள். நான் பார்த்த வகுப்பறைகளில் மிகத் திறமையானது அந்தத் திண்ணைதான். அவளுக்குக் கிடைத்தது மாதம் ஆயிரம் ரூபாய்.

ஆயிரம் என்றதும் ஞாபகம் வருகிறது. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துக் கல்லூரி போகும் பெண்களுக்கு மாதம் ஆயிரம் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டில். ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும் என்று ஆரம்பத்தில் பலரும் கேலி செய்தார்கள். வாரக் குழுக் கடன் தவணை கட்டும் வீட்டில் கேட்டுப் பாருங்கள். பெண்ணைக் கல்லூரிக்கு அனுப்பினால் மாதம் ஒரு தொகை வரும் என்பது, ஜவுளிக்கடைக்கு அனுப்பலாமா, கல்யாணம் பண்ணிவிடலாமா என்ற பேச்சில் அம்மாவுக்கு ஒரு பிடி கொடுக்கிறது. டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதும் சேர்ந்து, எங்கள் குடியிருப்பில் இப்போது பெண் பிள்ளைகள் பையன்களை விட அதிகமாகக் கல்லூரிக்குப் போகிறார்கள். பையன்கள் பிளஸ் டூ முடித்த மறுநாள் சமையல் கான்ட்ராக்ட், பந்தல், பெயின்ட் என்று போய்விடுகிறார்கள். செட்டிநாட்டுச் சமையல் என்றால் உலகமே சப்புக்கொட்டுகிறது. கல்யாணப் பந்தியில் அண்டா கழுவும் பையனுக்கு ஒரு நாள் கூலி கையில் கிடைக்கும். கல்லூரி உதவித்தொகை எப்போது வரும் என்பது கடவுளுக்கு வெளிச்சம்.

அதுதான் பணத்தில் உள்ள முக்கியச் சங்கதி. மொத்தத்தில் பணம் இருக்கிறது. வேண்டிய வாரத்தில் இல்லை. பட்டியல் சாதி மாணவருக்கு அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. மற்றதுக்கு உதவித்தொகை உண்டு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அது மாணவர் கணக்குக்கு நேராக வரும், கணக்கு ஆதாரோடு இணைந்திருந்தால். ஆனால் சேரும் நாளில் சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஒரு செட் நல்ல துணி, வெளியூர் என்றால் விடுதிக்கு முன்பணம், பாய், தலையணை, வாளி. இதற்காகக் கந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். கந்து வட்டித் தடைச் சட்டம் 2003லேயே வந்துவிட்டது என்று சொன்னால் அம்மாமார் சிரிக்கிறார்கள். பர்மா வரைக்கும் போய் வட்டித் தொழிலை ஒழுங்காகக் கணக்கு எழுதி நடத்திய ஊரில், இன்று நூறு ரூபாய்க்கு வாரம் பத்து ரூபாய் என்று வாய்க்கணக்கில் நடக்கிறது. ஒரு முறை வாங்கியவர்கள் அடுத்த பிள்ளையைக் கல்லூரிக்கு அனுப்ப யோசிக்கிறார்கள். அதில் தப்பு காண எனக்கு மனசு வரவில்லை.

ஒதுக்கீடே போதுமே என்று சொல்லும் நண்பர்கள் உங்கள் குழுவில் இருப்பார்கள். மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இலிருந்து 7.5 சதவீதம், பொறியியல் போன்ற படிப்புகளுக்கு 2021இலிருந்து அதே அளவு. முதல் பட்டதாரிச் சலுகை வேறு. இவை எல்லாம் பிளஸ் டூ நல்ல மதிப்பெண்ணோடு முடித்து, சரியான சான்றுகளோடு, சரியான தேதியில் கவுன்சலிங்கில் நிற்கும் பிள்ளைக்கு. அந்த இடம்வரை வந்த எங்கள் பிள்ளைகள் மேலே போயிருக்கிறார்கள். ஒருத்தி செவிலியர், ஒருவன் மின்வாரியத்தில். அவர்களைக் காட்டி, பார், படித்தால் வரலாம் என்று மற்றவர்களைத் திட்டுவது சுலபம். அந்த இரண்டு வீட்டிலும் அப்பா உயிரோடு இருந்தார், குடிக்கவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான் என்று சொன்னால் அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைப்பதாகும், ஆனால் பெரும்பகுதி அதுதான்.

இரண்டும் ஒரே கதையா என்று கேட்டீர்கள். பாதி. பிறந்த இடமும் பிறப்பும் சேர்ந்து ஒரு பிள்ளையின் எதிர்காலத்தை முன்கூட்டியே எழுதுவதில் ஒன்றுதான். அங்கே பணம் பள்ளிக்குப் போகாமல் தடுக்கிறார்கள், அதனால் அங்கே பள்ளிக்குப் பணம் கேட்டுப் போராடுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே வீடு, வேலை, சான்றிதழ் மூன்றும் சேர்ந்து பிள்ளையைப் பதினைந்து வயதுக்கும் பத்தொன்பது வயதுக்கும் நடுவில் கவிழ்த்துவிடுகின்றன. வேலைக்கு ஒட்டாத பட்டா வீடு ஒன்று அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்தால், நீங்களும் நானும் செய்யக்கூடிய எல்லாவற்றையும் விட அதிகம் மாறும். அது அரசு செய்ய வேண்டியது, ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியது. அமெரிக்காவிலிருந்து நீங்கள் செய்யக்கூடியது வேறு.

உங்கள் பணத்தை இப்படிப் போடுங்கள் என்பேன். குடியிருப்புக்குள்ளேயோ பக்கத்திலோ ஒரு அறை வாடகைக்கு எடுங்கள், விளக்கு, மின்விசிறி, நாலு பெஞ்சு. ஒரே அறை வீட்டில் டிவி ஓடும்போது படிக்க முடியாத பிள்ளைகளுக்கு இரவு பத்து மணிவரை அது திறந்திருக்க வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவர் கிடைப்பதுதான் முதல் சிரமம், அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அந்தத் தெருவிலேயே படித்த ஒரு பெண்ணுக்கு ஒழுங்கான மாதச் சம்பளம் கொடுத்து இரண்டு வேலை ஒப்படையுங்கள்: தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாலைப் பாடம், பகலில் சான்றிதழ் வேலை. இ-சேவை மையம், விஏஓ, ஆர்.ஐ., தாசில்தார் என்று அலைய ஒரு ஆள் இருந்தால் ஒன்பதாவதிலேயே எல்லாச் சான்றும் சரி பண்ணிவிடலாம், பிளஸ் டூ ரிசல்ட் வந்த பிறகு ஓட வேண்டாம். வாரிசு வேலை மனுவைச் சரியாக எழுதித் தர, ஓய்வு பெற்ற நகராட்சி ஊழியர் ஒருவர் சம்மதம் சொல்லியிருக்கிறார், அவருக்குச் செலவு டீ மட்டும். அப்புறம் ஒரு சுழல் நிதி. கல்லூரி சேரும் வாரத்தில் வட்டியில்லாமல் கொடுத்து, உதவித்தொகை வந்ததும் திரும்ப வாங்குவது. திரும்ப வராத தொகை கொஞ்சம் இருக்கும், அதைத் தர்மக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள், துரத்த வேண்டாம்.

ஸ்மார்ட் போர்டுதான் தருவோம், நண்பர்கள் பிடிவாதம் பிடிக்கிறார்கள் என்றால், நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற அரசுத் திட்டம் 2022 முதல் இருக்கிறது, அதன் வழியாகக் கொடுங்கள், கணக்கு ஒழுங்காக இருக்கும். திறப்பு விழாவுக்குப் பேனர் அடித்து, இந்தக் குடியிருப்புப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுக்கும் ஏற்பாடு மட்டும் வேண்டாம். மற்றபடி உங்கள் இஷ்டம்.

பிளஸ் டூ ரிசல்ட் மே மாதம் வந்துவிடும், கலைக் கல்லூரி விண்ணப்பமும் அதை ஒட்டியே தொடங்கும். சுழல் நிதியாவது ஏப்ரல் கடைசிக்குள் கையில் இருந்தால் இந்த வருடப் பிள்ளைகளுக்கே உதவும். அறை, சம்பளம் இரண்டும் ஜூனில் பார்த்துக்கொள்ளலாம். நண்பர்களிடம் பேசிவிட்டு எழுதுங்கள்.